வடக்கு நோக்கிய தகரப் பசு

வானத்திலிருந்து விழும் நீர் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை, இறைவனுக்கு அடுத்தபடியாகத் தமக்கே உண்டு என்று உறுதியாக நம்பியவர் இப்பூவுலகில் ஒருவரே. அவர் என் மனைவியின் தமையனாராக வாய்த்தது என் முன்வினை. முத்தையாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து, அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘வாட்டம் அண்ணாச்சி’ என்று கேட்டால் தெருமுனையில் நிற்கும் ஆடுகூட வீட்டைக் காட்டும்.

வாட்டம் என்பது, நீர் தேங்காமல் வழிந்தோடும்படி தளத்துக்குக் கொத்தனார் விடுகிற சரிவு. உலகத்துத் துன்பங்கள் அனைத்துக்கும் சரியான வாட்டம் இல்லாமையே மூலம் என்பது என் மைத்துனரின் சித்தாந்தம். மூட்டுவலி, பங்காளிச் சண்டை, மின்வெட்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரே விளக்கம்தான் இருந்தது. பேருந்து தாமதமானால்கூட, “ரோட்டுல வாட்டம் இல்ல மாப்ளே, பஸ்ஸு எப்படி வரும்?” என்பார். இவ்வளவுக்கும் அவர் கொத்தனாரும் அல்லர், பொறியாளரும் அல்லர். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் அலுவலகம் ஒன்றில் அமர்ந்து எழுதி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் அவர் கையாண்ட கருவி பேனா ஒன்றே.

ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அவருடைய சட்டைப்பையில் ஒரு கோலிக்குண்டு குடியேறியது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதை எடுத்துத் தரையில் வைப்பார். எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பார். பிறகு அந்தக் குடும்பத்தின் எதிர்காலத்தைச் சொல்வார். புதுமனை புகுவிழாவுக்கு அவரை அழைத்தவர்கள், பால் பொங்குவதற்கு முன்பே அழைத்ததற்கு வருந்தினார்கள்.

விளாத்திகுளத்தில் எங்கள் உறவில் ஒரு திருமணம். பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மைத்துனர், “ரசம் எந்தப் பக்கம் ஓடும்னு முன்னாலயே தெரிஞ்சுக்கிட்டா வேட்டி தப்பிக்கும்” என்று சொல்லி இலையின் மேல் குண்டை வைத்தார். அது இலையை விட்டு இறங்கி, மேசையில் ஓடி, அடுத்த இலையில் ஊற்றியிருந்த பாயசத்துக்குள் புகுந்து மறைந்தது. அந்த இலைக்கு உரியவர் மணமகனின் பெரியப்பா. முந்திரிப்பருப்பு என்று நம்பிக் கடித்தார். அந்த ஓசை நாதசுரத்தையும் மீறிப் பந்தி முழுவதும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்த அந்த வேளையில், ஒருகால் என்னை அவருடன் சேர்த்து எண்ணாமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரு சிறு நம்பிக்கை இருந்தது. என் மைத்துனர் அதையும் வைக்கவில்லை. “பாத்தீரா மாப்ளே, மேசைக்குத் தெக்க வாட்டம். நான் அப்பவே உம்மகிட்ட சொல்லல?” என்றார், மணமேடை வரை எட்டும் குரலில்.

அதைக்கூட மறந்துவிடலாம். நான் நாள்தோறும் பதிகம் பாடும் கோயிலில் நடந்ததை மறக்க முடியவில்லை. கருவறையில் இறைவனுக்கு ஆட்டிய நீர் வெளியே வந்து விழும் பசுமுகத் தூம்பைக் கோமுகி என்பார்கள். ஒரு பிரதோஷத்தன்று, அந்தக் கோமுகியின் முன்னே என் மைத்துனர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். கன்னம் கல்லில் பதிந்திருந்தது, கண் இமைக்கவில்லை. கூடியிருந்தோர் விலகி நின்று கைகூப்பினர். நானும் மனம் கசிந்தேன். இத்தனை காலம் இவரை எவ்வளவு தவறாக எடைபோட்டுவிட்டோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். “குருக்களே, வாட்டம் காணாது. கல்லத் தூக்கி ஒரு முக்கால் இஞ்சு இறக்கணும்” என்றார்.

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் கொடிமரத்தைப் பார்த்தேன்.

அந்த ஆண்டில்தான் என் மனைவி செண்பகம் நோயுற்றாள். வயிற்றில் கட்டி, பெரிய அறுவைச் சிகிச்சை. அவளை உள்ளே கொண்டுசென்று கதவை மூடியபோது, அந்தக் கதவின் முன் நின்று நான் ஒரு நேர்த்தி செய்துகொண்டேன். அவள் எழுந்து நடந்து வீடு வந்து சேர்ந்தால், கார்த்திகையில் அவள் பிறந்த நட்சத்திரத்தன்று, எங்கள் வீட்டு முன்கூடத்தில் அடியார்களைக் கூட்டி முற்றோதல் நடத்துவேன் என்பது அந்த நேர்த்தி. பதிகங்கள் அடங்கிய நூலொன்றை முதற்பாடல் தொடங்கி இறுதிப்பாடல் வரை ஒரே பகலில் பாடி நிறைப்பதே முற்றோதல். எங்கள் பதிகக் குழுவில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தொடங்கிய குரல் நடுவில் அறக்கூடாது. ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடர வேண்டும். இடையில் பாட்டு நின்றுவிட்டால் நேர்த்தி நிறைவேறியதாக நாங்கள் கொள்வதில்லை. செண்பகம் நடந்து வீட்டுக்கு வந்தாள். இனி என் கடன் பாக்கி.

ஆனால் கார்த்திகை மழைக்காலம். எங்கள் கடற்கரையில் மழை அரிதாகவே வரும். வந்தால், ஆண்டு முழுவதும் வராத மழையையும் சேர்த்துக்கொண்டு வரும். எங்கள் முன்கூடத்துக்கு மேலே தகரக் கூரை. மழை பெய்தால் கூரையின் விளிம்பிலிருந்து நீர் திரைபோல இறங்கிக் கூடத்துக்குள் தெறிக்கும். பாயில் அமர்ந்து பாடும் முதியோர் எழுந்தாக வேண்டும். எழுந்தால் பாட்டு அறும். ஆகவே கூரையின் விளிம்போடு ஒரு தகர ஓடை பொருத்தி, நீரை ஒருபக்கமாகக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று.

“பட்டறை வச்சிருக்கவங்க யாரையாவது கூப்பிடுவோம் மச்சான்” என்றேன்.

“பட்டறக்காரன் உம்ம பொண்டாட்டி கூடப் பொறந்தவனா?”

“இல்லை.”

“அப்பம் எதுக்கு அவன்? மாப்ளே, நீரு பாடுறதா நேந்துக்கிட்டீரு. எனக்குப் பாட்டு வராது. தகரம் வெட்ட வரும். ஓடைய நான் வைக்கேன்.”

அதுவும் அவருக்கு வராது என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மறுநாள் வீட்டில் ஒரு தகரக் கத்தரி வந்து இறங்கியது. சுருள் தகரம் வந்தது. உப்புக்காற்றில் இரும்பு அளவுநாடா சுருங்கிவிடும் என்று ஒரு கொள்கை அவருக்கு இருந்தமையால், கூரையின் நீளத்தைத் தம் முழங்கையால் அளந்து கடைக்காரரிடம் முழக்கணக்கில் சொல்லியனுப்பியிருந்தார். கடைக்காரர் தம் முழங்கையால் அளந்து வெட்டிக் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் குள்ளம். ஆகவே முதற்கணத்திலேயே ஓடை குறைந்தது. குறைந்த இடத்துக்கு ஓர் ஒட்டு. ஒட்டு கோணியதால் அதற்கு ஓர் ஒட்டு. துவைகல்லின் விளிம்பில் தகரத்தை வைத்துக் கட்டையால் அடித்து மடிப்பார். சரியாக என் காலைப் பூசை நேரத்தில்தான் மடிப்பு வேலை நடக்கும். நான் பாடும் தாளத்துக்கு அவர் அடிப்பதாக அவர் எண்ணம். அவர் அடிக்கும் தாளத்துக்கு நான் பாடுவதாகத் தெருவில் பேச்சு.

விரல்களில் பெரும்பாலானவற்றில் துணிக்கட்டு ஏறியது. “அண்ணாச்சி, கையப் பாருங்க, போதும் விடுங்க” என்பாள் செண்பகம். “ஏளா, நீ வயித்துல தையல் போட்டுக்கிட்டு இருக்க. எனக்கு வெரல்ல ஒரு கீறு. பேசாம உள்ள போ” என்பார்.

ஒரு மாலை, ஏணியில் நின்றபடியே என்னிடம் கேட்டார்: “மாப்ளே, கோயில்ல கோமுகி எந்தத் திசையப் பாத்து இருக்கும்?”

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் சமயம் சார்ந்து அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி அது. நான் நெகிழ்ந்துபோனேன். கிழக்கு நோக்கிய சன்னிதியில் கோமுகி வடக்கு நோக்கியே அமையும் என்பதையும், அதன் காரணத்தையும், அந்நீரின் பெருமையையும், அதைக் கடந்து செல்லலாகாது என்ற மரபையும் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் ஏணியில் நின்றவாறே பணிவுடன் கேட்டுக்கொண்டார். எதற்காகக் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேள்விக்கு விடை சொல்லும் மகிழ்ச்சியில் இருப்பவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

வேலை முடிந்த அன்று வெளியூர் போயிருந்த நான் திரும்பி வந்து தெருவில் நின்றேன். தகரம் துருப்பிடிக்காமல் இருக்க ஓடைக்கு வண்ணம் பூசியிருந்தார். காவியும் வெள்ளையும், கோயில் மதிலைப் போல் மாறிமாறி. ஓடையின் ஒரு முனையில், தகரத்தை வெட்டி மடித்துச் செய்த ஒரு விலங்கின் தலை. அதற்கு இரண்டு கொம்புகள், வெவ்வேறு திசையில். காதுகள் கொம்புகளைவிடப் பெரியவை. வாய் திறந்திருந்தது. வழியே போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் விரைந்து உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

முற்றோதல் நாள் விடிந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை, வீட்டின் வடபுறத்தில் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டிவிட்டு ஓடையின் முனையை அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, இது கழுதையா?”

“பசுவே” என்றார் என் மைத்துனர்.

“பாலு கறக்காத பசு போல” என்று சொல்லிக் காய் நறுக்கப் போய்விட்டார்.

திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வருந்தி அழைத்திருந்த ஓதுவார் ஐயா வந்து இறங்கினார். எண்பதைக் கடந்த பெரியவர்; அவர் வாய் திறந்தால் பண் தானாக வந்து நிற்கும். அவரும் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது யாருடைய கைவேலை?”

“என் மைத்துனர்.”

“சொந்த மைத்துனரா?”

“ஆமாம் ஐயா.” என் தலை தானாகவே தாழ்ந்தது.

“திருவருள்” என்று சொல்லிவிட்டு ஓதுவார் ஐயா கால் கழுவப் போனார்.

விளக்கேற்றும் வேளையில்தான் எனக்குச் சற்றே ஐயம் எழுந்தது. தெருச் சாக்கடை இருப்பது வீட்டின் தென்புறம். பசுவின் தலை இருப்பதோ வடபுறம். “மச்சான், ஓடைக்கு வாட்டம் தெற்கேதானே?” என்று மெல்லக் கேட்டேன்.

“என்னவே பேசுதீரு? பதிகம் பாடுற வீட்டுத் தண்ணி, அது தீர்த்தம்லா. சாக்கடைக்கா போவும்? கோமுகி வடக்கதான்னு அரை மணி நேரம் சொன்னது நீருதான. உம்ம பேச்சக் கேட்டுத்தான் வாட்டம் வச்சிருக்கேன்.”

ஓதுவார் ஐயா முதற்பாடலைத் தொடங்கிவிட்டார். நான் போய் அமர்ந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. இறைவன் காப்பான் என்று எண்ணினேன்.

நண்பகல் கடந்து சிறிது நேரத்துக்கெல்லாம் கடற்பக்கம் கறுத்தது. பிறகு எங்கள் ஊர் மழை வந்தது. ஓடை முதலில் அதை அழகாகவே ஏந்திக்கொண்டது. கூடத்துக்குள் ஒரு துளி தெறிக்கவில்லை. அடியார்கள் பாடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து மெச்சித் தலையசைத்தார்கள். பின்வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்த என் மைத்துனர் நாணத்துடன் குனிந்துகொண்டார். கூரையில் பெய்த நீர் முழுவதும் வடக்கு நோக்கி ஓடி, பசுவின் வாய்க்குள் திரண்டு, தவசுப்பிள்ளையின் தார்ப்பாய் மேல் கொட்டியது. தார்ப்பாய் வயிறு பெருத்துக் கிழிந்தது. அடுப்பு சீறி அவிந்தது. அங்கே விழுந்த வெள்ளம் முற்றத்தின் இயற்கைச் சரிவைக் கண்டுகொண்டு தெற்கு நோக்கித் திரும்பி, கூடத்தின் வாயிற்படியை எட்டிப் பார்த்தது.

நான் முன்வரிசையில் இருந்தேன். வாயில் பாட்டு, நிறுத்த முடியாது. என் மைத்துனரை நோக்கிப் புருவத்தை உயர்த்தினேன். பாராட்டு என்று எண்ணி மீண்டும் நாணினார். கண்களால் வாயிற்படியைக் காட்டினேன். அவரும் வாயிற்படியைப் பார்த்துக் கும்பிட்டார். பாய்களின் ஓரம் ஈரமாயிற்று. அப்போது தவசுப்பிள்ளை தலை முதல் கால் வரை நனைந்து வந்து என் மைத்துனரின் காதருகே குனிந்தார். அவர் மெல்லத்தான் பேசினார். ஆனால் கரண்டி பிடித்துப் பழகிய குரல்.

“அண்ணாச்சி, சாம்பாருக்கு வேண்டிய தண்ணிய நான் அப்பவே ஊத்திட்டேன். உங்க மாடு இன்னும் ஊத்திக்கிட்டே இருக்கு.”

என் மைத்துனர் எழுந்து வெளியே ஓடினார். ஏணி சாத்தும் ஓசை கேட்டது. யானையைக் கட்டினாலும் அசையாது என்று அவர் பெருமை பேசிய வடமுனைப் பிடிப்புகளைத் தகரக் கத்தரியால் அவரே வெட்டினார். வெட்டி, ஓடையின் வடமுனையை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினார். நீர் ஒரு கணம் திகைத்து, பிறகு முழுவதும் தெற்கே திரும்பி ஓடிச் சாக்கடையில் விழுந்தது. வாயிற்படியில் ஏறிய வெள்ளம் அதற்கு மேல் உள்ளே வரவில்லை.

“இறக்கி வைங்க அண்ணாச்சி, ஒரு கம்ப முட்டுக் கொடுப்போம்” என்று தவசுப்பிள்ளை வெளியே சொல்வது கேட்டது.

“கம்பு வழுக்கும்வே. வழுக்கினா தகரம் விழும். அந்தச் சத்தத்துல உள்ள பாட்டு நின்னுரும்.”

“அதுக்கு நீங்க எம்புட்டு நேரம் இப்படி நிப்பிய?”

“அவுக பாடி முடிக்க வரைக்கும்.”

கூடத்தில் அமர்ந்திருந்தோருக்கு அவருடைய தலை தெரியாது. கூரையின் விளிம்புக்குக் கீழே, ஏணியின் மேல், இடுப்பு முதல் பாதம் வரை மட்டும் தெரிந்தது. நனைந்த வேட்டி கனத்தது. கைகள் இரண்டும் மேலே இருந்தன. இடுப்பில் செருகியிருந்த முனை மெல்ல நழுவத் தொடங்கியதை நான் கண்டேன். நான் மட்டும் அல்லேன். அத்தனை அடியார்களும் கண்டார்கள். பாட்டின் பொருளோ பற்றறுத்தல். எல்லாருடைய ஒரு கண் நூலில் இருந்தது; மறுகண் அந்த வேட்டியில் இருந்தது. நூலில் இருந்து ஒருவரும் தலை நிமிராதிருக்கும்படி நான் குரலை எட்டுக்கட்டைக்கு ஏற்றினேன். பயனில்லை. ஓதுவார் ஐயா கண்களை இறுக மூடிக்கொண்டார். பூமி பிளந்து என்னை ஏற்றுக்கொள்ளுமானால், மேற்கொண்டு பாட என்னைவிடச் சிறந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

கடைசி நொடியில் தவசுப்பிள்ளை தம் தோள்துண்டை உருவி, அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். “மாட்டத்தான் வடக்க விட்டிய. இத எந்தப் பக்கமும் விட்டுராதிய அண்ணாச்சி” என்றார்.

மழை வலுத்தது, தணிந்தது, மீண்டும் வலுத்தது. நாங்கள் பாடிக்கொண்டே இருந்தோம். அந்தக் கால்கள் இடம் பெயரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் இறுதிப்பாடல் நிறைந்தது. ஒரு சீரும் விடவில்லை. சூடம் காட்டியதும் செண்பகம் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

“அண்ணாச்சி, முடிஞ்சிட்டு. எறங்குங்க.”

பலர் சேர்ந்து ஓடையைத் தாங்கி இறக்கினார்கள். அவரும் இறங்கினார். ஆனால் கைகள் இறங்கவில்லை. தலைக்கு மேலேயே விறைத்து நின்றன. வாயிலுக்கு வந்த ஓதுவார் ஐயா அந்தக் கோலத்தைக் கண்டு, “என்ன பக்குவமான அடியார்” என்று தாமும் கைகூப்பினார்.

“இல்லை ஐயா, கை மடங்கவில்லை” என்றேன். அன்றைய வெட்கங்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

உள்ளே பந்திக்கு இலை போடத் தொடங்கினார்கள். செண்பகம் அவரைப் படியில் அமர்த்தி, எண்ணெய் தடவிக் கைகளை மெல்லக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்தாள். அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துவர உள்ளே போனபோது, அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மாப்ளே, நடுவுல மழ வலுத்துச்சில்லா.”

“ஆமாம்.”

“அப்பம் தகரத்துச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. பாட்டு நின்னுட்டோன்னு நெனச்சேன். இந்த வாட்டத்தாலதான் நின்னுட்டுன்னு. நின்னுருந்தா நின்னுட்டுன்னு சொல்லிரும். செண்பகத்துக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?”

அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஊரே பார்க்க நான் தலைகுனிந்த நாள்களில் எல்லாம் இவர் ஒருமுறையாவது வெட்கப்பட மாட்டாரா என்று ஏங்கியவன் நான். இப்போது அதை நேருக்கு நேர் பார்க்க என்னால் முடியவில்லை.

“நிக்கல மச்சான். ஒரு எழுத்துகூட விடல.”

தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது.

“ஏங்க, ஐயா முதல் இலையில உக்காந்தாச்சு. உங்களத்தான் தேடுறாங்க” என்று செண்பகம் உள்ளிருந்து அழைத்தாள். நான் அந்த ஈரப்படியில் அவர் பக்கத்தில் அமர்ந்தேன். மழை வலுத்தபோது நாங்கள் எந்தப் பாடலில் இருந்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருக்குக் கேட்காமல் போனது ஒரு பாடலாக இருக்கலாம், மிஞ்சினால் இரண்டு. நான் அந்தப் பதிகத்தை முதலிலிருந்து முடிவு வரை அவருக்குப் பாடினேன்.